சம்பந்தி ஹோட்டல் சொதி

1935 ஜூன் 3, திங்கள்

தேர்டு பாரத்தில் கணக்கு வாத்தியாரோடு மனஸ்தாபப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் டைரி எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். இந்த டைரி, தைல ஏஜெண்டு ஒருவர் சாப்பிட்டுவிட்டு, "வச்சுக்கிடுங்க பிள்ளைவாள்" என்று கொடுத்துவிட்டுப் போனது. ஐந்து மாதமாக எண்ணெய்ப் பானைக்கு மூடியாக இருந்தது. இன்றைக்கு அதற்குப் பதவி உயர்வு.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டதாம். இனி ஆவணி வரை தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிற ஜனம் எல்லாம் ஸ்டேஷன் ரோட்டு வழியாகத்தான் போகவேண்டும். ரோட்டுக்கு வடக்கே என்னுடைய ஆவுடையப்ப விலாஸ். நேர் தெற்கே தெய்வநாயகம் கபே. பத்து வருஷமாக நானும் தெய்வநாயகம் பிள்ளையும் நடுரோட்டில் நின்று வண்டிகளை மறித்திருக்கிறோம். ஒரு தடவை ஒரு செட்டியாரின் பெட்டி என் கையிலும் செட்டியார் அவர் கையிலும் அகப்பட்டு, மனுஷன் பட்டினியாகவே குற்றாலம் போனார்.

இந்தச் சண்டையை முடிக்க எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். என் ஒரே மகள் உலகம்மாளை அவர் மகன் குற்றாலலிங்கத்துக்குப் போன தை மாதம் கட்டிக்கொடுத்தேன். டிபன் அவருக்கு, சாப்பாடு எனக்கு என்று பந்தலிலேயே பேச்சு. சம்பந்திக்குச் சம்பந்தி குழி பறிப்பானா?

பங்குனியில் எதிரே புதுப் பலகை ஏறியது. "பாலக்காட்டு ஐயர் சமையல். மத்தியானச் சாப்பாடு உண்டு. பிராமணாளுக்குத் தட்டி மறைப்பு." தட்டிக்கு அந்தப் பக்கம் வக்கீல்கள், இந்தப் பக்கம் நம்மவர்கள். என் பக்கம் ஈ.

ஜூன் 9, ஞாயிறு

நம்ம ஹோட்டலுக்குப் பேர் சொதியால் வந்தது. கல்யாண மறுவீட்டுக்கு மட்டும் வைக்கிற சொதியை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹோட்டலில் போட்டவன் இந்த ஜில்லாவிலேயே நான்தான். தேங்காய்ப் பால் மூன்று தடவை பிழிந்து, கடைசியில் எலுமிச்சம்பழம் விட்டு இறக்குவது. ஹோட்டலில் சமைக்கிற தவசிப்பிள்ளைக்கு அந்தப் பக்குவம் வராது. பின்கட்டு வீட்டிலிருந்து என் வீட்டுக்காரி பிச்சம்மாளும் பிள்ளை உலகம்மாளும் கொஞ்சம் ஒத்தாசை செய்வார்கள். பிள்ளை கல்யாணமாகிப் போன பிறகு பிச்சம்மாள் மட்டும்.

இன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிட்டுவிட்டு, "என்ன பிள்ளைவாள், சொதியில முன்னால உள்ள ருசி இல்லையே" என்றார்.

"கிணத்துத் தண்ணி மாறிப்போச்சு சார்" என்றேன்.

"தேங்காய்ப் பாலுக்கும் கிணத்துக்கும் என்னவே சம்பந்தம்?"

நல்ல கேள்விதான். அவர் பி.ஏ. படித்தவர்.

ஜூன் 16, ஞாயிறு

எதிரே இன்று சொதி. பலகையில் சுண்ணாம்பால் எழுதியிருக்கிறது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சொதியைப் பாலக்காட்டு ஐயர் எங்கே கண்டார்? ஓலனும் காளனும் வைக்கிற கை!

குதிரைவண்டி மீரான் மத்தியானம் வாசலில் நின்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னான். "மொதலாளி, கோவிச்சுக்கிடப்படாது. நான் ஏத்திட்டு வந்த மூணு பேரும் அங்கனதான் எறங்கினாவ. வெளிய வரும்போது ஒருத்தர் கையை மோந்து பாத்துக்கிட்டே வந்தாரு."

"எச்சிக் கையையா?"

"ஆமா மொதலாளி. கழுவ மனசில்லையாம்."

ஜூன் 23, ஞாயிறு

இன்றைக்கும் எதிரே சொதி, எதிரே கூட்டம். பிச்சம்மாள் மீரானிடம் தூக்குவாளியைக் கொடுத்து எதிர் ஹோட்டல் சொதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள்.

"ஏட்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? பொண்ணு குடுத்த வீட்டுல பேரப்பிள்ளை பிறக்காம நாம தண்ணி குடிக்கலாமா?"

"வீட்டுல இல்ல, கடையில. துட்டுக் குடுத்து வாங்கினா தோஷம் கிடையாது" என்றாள்.

ஒரு கரண்டி கையில் விட்டு வாயில் வைத்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உப்புக் கூடிப்போயிருக்கும் போல. நான் ருசி பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கு வயிறு சரியில்லை.

ஜூன் 25, செவ்வாய்

வாழை இலைக்காரனோடு தகராறு. மேற்கே காற்று அடித்து இலை எல்லாம் கிழிசல்.

மாப்பிள்ளை குற்றாலலிங்கம் மார்க்கெட்டில் எதிர்ப்பட்டான். கையில் இரண்டு கூடைத் தேங்காய். நல்ல பையன். அப்பா முன்னால் தும்மல் வந்தாலும் உத்தரவு கேட்பான்.

"ஐயர் கை நல்ல கைதான் போல மாப்பிள்ளை" என்றேன்.

"ஆமா மாமா" என்று தேங்காயைப் பார்த்துச் சொன்னான்.

"வெங்காயம் எல்லாம் சேர்ப்பாரோ?"

"ஆமா... இல்ல மாமா." ஒரே மூச்சில் இரண்டும் சொன்னான். கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாகப் போய்விட்டான்.

ஜூன் 28, வெள்ளி

மீரானுக்கு வாய் சும்மா இருக்காது. "எந்த ஐயரு மொதலாளி? அவரைச் சித்திரையிலேயே நாந்தான புனலூர் ரயிலுக்கு ஏத்திவிட்டேன். எதிர்க்கடைப் பெரிய மொதலாளி என்னமோ கை நீட்டிட்டாராம். 'இந்த ஊர்த் தண்ணிய இனிக் குடிக்கமாட்டேன்'னு பூணூலைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டுல்லா போனாரு."

"அப்பம் இப்பம் யாரு சமைக்கா?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அடுக்களைக் கதவு எப்பமும் சாத்தித்தான் கிடக்கு."

புதிதாக வேறு ஐயர் வந்திருப்பார். ஊரில் ஐயருக்கா பஞ்சம்.

ஜூலை 5, வெள்ளி

பிச்சம்மாள் கோயிலில் பிள்ளையைப் பார்த்தாளாம். உலகம்மன் சன்னதியில் அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் நாத்தனார், நடுவில் இவள். நாலு வார்த்தை பேசவிடவில்லை. குங்குமம் வாங்கக் கை நீட்டும்போது பார்த்திருக்கிறாள். எலுமிச்சைச் சாறு பட்டுப் பட்டு உள்ளங்கை வெடித்திருக்கிறது. மணிக்கட்டில் கொதி பட்ட தழும்பு, ஒன்றின் மேல் ஒன்று.

"மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டேன்.

"ம்."

"புது இடம்லா. மெலியத்தான் செய்யும்."

பிச்சம்மாள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத என் படிப்புப் போதாது.

சரி, எழுதிவிடுகிறேன். வாளியில் மிச்சம் இருந்ததை அன்றைக்கே நான் நக்கிப் பார்த்தேன். முதல் சொட்டிலேயே தெரிந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போடாமல் கையால் கசக்கி விடுகிற ஆள் இந்த ஊரில் ஒருத்திதான்.

ஜூலை 7, ஞாயிறு

தெருவில் போய்க் கத்தலாம். "ஐயரும் இல்லை, கொய்யரும் இல்லை, சமைக்கிறது என் மகள்" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். தட்டிக்கு அந்தப் பக்கம் சாப்பிட்ட வக்கீல்கள் எல்லாம் தீட்டு என்று எழுந்து பலகையைப் பிடுங்கி எறிவார்கள். தெய்வநாயகம் பிள்ளை அதோடு குளோஸ்.

அதற்கப்புறம் ஊர் என்ன சொல்லும்? பிள்ளைமார் வீட்டு மருமகள் கூலிச் சமையல்காரி மாதிரி ஹோட்டல் அடுப்பில் நின்றாள் என்று சொல்லும். வேளாவேளைக்கு ஐயர் வேஷம் கட்டினாள் என்று சொல்லும். பிடுங்கி எறிந்த பலகை போய் விழுகிற இடம் அவள் தலைதான்.

வேறு வழி யோசித்தேன். என் ஹோட்டலுக்குக் கூட்டத்தை இழுத்தால் அங்கே கூட்டம் குறையும், பிள்ளைக்கு வேலை குறையும். நாளை முதல் சாப்பாட்டோடு அடைப்பிரதமனும் இரண்டு அப்பளமும் இனாம்.

ஜூலை 11, வியாழன்

அடைப்பிரதமன் வேலை செய்தது. மூன்று நாள் நம் பக்கம் தள்ளுமுள்ளு. நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

இன்று எதிர்ப் பலகை: "அடைப்பிரதமன், பால்போளி, இஞ்சிப் பச்சடி, சொதி தினமும்."

தினமும்.

பிச்சம்மாள் பலகையைப் பார்த்துவிட்டு வந்தாள். "நீங்க ஒரு பாயசம் வச்சிய. அவ போளியும் சேர்த்துல்லா தட்டுதா இப்பம். இனி என்ன இனாம் குடுக்கப் போறிய, சொல்லுங்க, அவளையே தூக்கி அவிய அடுப்புல வச்சிரட்டும்."

ஜூலை 13, சனி

இனாம் எல்லாம் நிறுத்திவிட்டேன். தவசிப்பிள்ளையிடம் சாம்பாரில் பருப்பைக் குறைக்கச் சொன்னேன். இங்கே சாப்பாடு மோசமானால் போட்டி இல்லை, போட்டி இல்லையென்றால் சம்பந்தியும் போளியை நிறுத்துவார் என்று கணக்கு.

நான் கணக்கில் தோற்று வெளியே வந்தவன் என்பதை மறந்துவிட்டேன். என்னிடம் வந்த கூட்டமும் அங்கே போய்விட்டது. மத்தியானம் மூன்று மணிக்கும் அவர்கள் புகைபோக்கியில் புகை.

நான் நன்றாகச் சமைத்தால் அவளுக்குப் பலகாரம் கூடுகிறது. மோசமாகச் சமைத்தால் பந்தி கூடுகிறது. எப்படிப் புரண்டாலும் என் முழங்கை என் மகள் மேல்தான் இடிக்கிறது. நேர் எதிரே, இருபது அடி ரோடு. அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூலை 17, புதன். ஆடி பிறந்தது

கல்யாணமான பெண்ணைத் தலை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது எங்கும் உள்ளதுதான். அதைத் தடுக்க யாராலும் முடியாது என்று இந்த நாளைத்தான் நானும் பிச்சம்மாளும் நம்பியிருந்தோம். தட்டுத் தட்டாகப் பழம், மாப்பிள்ளைக்கு வேஷ்டி, பிள்ளைக்குப் பச்சைக் கண்டாங்கி. மேளம் வைக்கவில்லை. ரோட்டைக் கடக்க மேளம் எதற்கு?

சம்பந்தி எழுந்து நின்று கும்பிட்டு வரவேற்றார். "வாங்க அத்தான், வாங்க மதினி. இதெல்லாம் என்னத்துக்கு?"

"பிள்ளைய அழைச்சுட்டுப் போகலாம்னு..."

"ஆகா, கூட்டிட்டுப் போங்க. உங்க பிள்ளைல்லா. ஆனா சீசன் ஒண்ணு இருக்கு பாருங்க. வீட்டுல விருந்தாளு ஒழியமாட்டேங்கு. இவ அத்தைக்கு முட்டுவலி. சீசன் முடியட்டும், ஆவணியில ஜம்முனு அனுப்பி வைக்கேன்."

"ஆவணியில ஆடி எப்படி அண்ணாச்சி வரும்?" என்று பிச்சம்மாள் கேட்டாள்.

சம்பந்தி சிரித்தார். "மதினிக்குக் குசும்பு. நடுவுல ஒரு ரோடுதான இருக்கு? எட்டிப் பாத்தா பிள்ளை தெரியப்போறா."

பிள்ளை வந்து நின்றாள். கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். "நல்லா இருக்கியாம்மா?" என்றேன். "நல்லா இருக்கேம்ப்பா" என்றாள். உள்ளே ஏதோ தீய்கிற வாசனை வந்ததும் பாதிப் பேச்சில் ஓடிப்போனாள்.

தட்டுகளை வைத்துக்கொண்டார்கள். பிள்ளையையும்தான்.

ஜூலை 18, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 21, ஞாயிறு

துட்டுக் கொடுத்து வாங்கினால் தோஷம் கிடையாது என்று பிச்சம்மாள் சொன்னது மனசிலேயே கிடந்தது. பன்னிரண்டு மணிக்கு வேஷ்டியைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து, தெய்வநாயகம் கபேயில் ஒரு சாப்பாட்டு டிக்கெட் கேட்டேன்.

கல்லாவில் இருந்த சம்பந்திக்கு முகம் வெளுத்தது. "அத்தான், என்ன காரியம் பண்ணுதிய? பொண்ணு குடுத்த வீட்டுல கை நனைக்கலாமா?"

"வீடு உள்ள இருக்கு அத்தான். இது ஹோட்டல். நான் கிராக்கி."

சாப்பிடுகிற ஆட்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். டிக்கெட் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். சாதம் விழுந்தது, சொதி விழுந்தது. பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

என் வீட்டில் இருந்தவரை இந்தப் பிள்ளை வைத்ததை நான் ஒருநாளும் உட்கார்ந்து, இலை போட்டு, நிதானமாகச் சாப்பிட்டது கிடையாது. கல்லாவில் நின்றுகொண்டே ஒரு கரண்டி. அதற்குள் பந்தி வந்துவிடும்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பரிமாறுகிறவன் "காரமா அண்ணாச்சி?" என்றான். ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அத்தான், இப்படி ஒரு கைக்கு ஊர் மரியாதை செய்யாம இருக்கப்படாது. ஐயரைக் கூப்பிடுங்க. நம்ம சார்பா ஒரு சால்வை போத்தணும்."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. திருநெல்வேலி வக்கீல் வெங்கடகிருஷ்ணய்யர், சீசன் முழுக்க இங்கேதான் சாப்பாடு. "ஓய், யார் அது? நானும் அதையேதான் நெனச்சுண்டிருக்கேன். கூப்பிடும் ஓய் ஐயரை. வெங்காயத்தைப் போட்டும் எனக்குப் பாவம் தெரியாமப் பண்ணிட்டாரே மனுஷன்!"

பந்தி முழுக்கச் சிரிப்பு. சம்பந்தி கல்லாவைப் பிடித்துக்கொண்டார். "ஐயர் ஸ்நானத்துக்குப் போயிருக்காரு."

"வரட்டும், இருக்கோம்" என்றார் வக்கீல்.

"ஸ்நானம் முடிஞ்சு ஜபம். ஜபத்துல அவரு யாரையும் பாக்கமாட்டாரு."

நான் கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். பத்து வருஷத்தில் அவரை இவ்வளவு வேர்த்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 24, புதன்

தினமும் போகிறேன். தினமும் ஐயரைக் கேட்கிறேன். திங்கட்கிழமை ஐயருக்கு ஜுரம். நேற்று மௌன விரதம். இன்று ஐயர் அருவிக்குப் போயிருக்கிறார். அருவியில் குளிக்கிறவர் இங்கே போளி தட்டுவது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம். நான் இருமினேன். சத்தம் நின்றது. அப்புறம் பரிமாறுகிறவன் வந்து எனக்கு மட்டும் இரண்டாம் தடவை சொதி ஊற்றினான். "உள்ள இருந்து குடுக்கச் சொன்னாவ."

ஜூலை 26, வெள்ளி

காரியம் கைமீறிவிட்டது.

வக்கீல் ஐயர் தட்டியைத் தாண்டி வந்து என் தோளில் கை வைக்கிறாற்போல வந்து, வைக்காமல், சொன்னார். "பிள்ளைவாள், நாள் குறிச்சாச்சு. வர்ற செவ்வாய், ஆடி அமாவாசை. அருவியில தர்ப்பணம் முடிச்சுட்டு நாங்க எட்டுப் பேர் வர்றோம். ஜரிகை சால்வை சொல்லியாச்சு. ஐயர் வெளியே வரலைன்னா அடுக்களைக்கே போய்ப் போர்த்திடறது. நமக்குள்ள என்ன, பிராமணா அடுக்களைக்குள்ள பிராமணா போறதுல தப்பென்ன?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். பிச்சம்மாள் கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு அந்தக் கதவைத் திறந்தா யாரு நிப்பா? ஐயரா நிப்பாரு? நம்ம பிள்ளைல்லா நிப்பா, கரியும் கண்ணீருமா, எட்டு ஆம்பிளை முன்னால."

சம்பந்தியை மிரட்ட வெட்டிய குழி. நான் மண்வெட்டியோடு உள்ளே நிற்கிறேன், பிள்ளையையும் பிடித்துக்கொண்டு.

ஜூலை 27, சனி

வக்கீல் ஐயர் தங்கியிருக்கிற பங்களாவுக்குக் குற்றாலம் போனேன். சால்வை எதற்கு, ஐயர் கூச்சப்படுவார், பழம் கொடுத்தால் போதும் என்றேன்.

"கூச்சப்படற சமையல்காரரா? அப்போ கட்டாயம் பண்ணணும்" என்றார். தாசில்தாரையும் கூப்பிட்டிருக்கிறாராம்.

திரும்பி வரும்போது நல்ல சாரல். குடை இல்லை. மீரான் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க மொதலாளி" என்றான். "நடக்கேன்" என்றேன். எங்கே போக அவசரம்.

ஜூலை 29, திங்கள்

விடிந்ததும் சம்பந்தி பின்வாசல் வழியாக வந்தார். முதல் தடவை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயர் கிடையாதுன்னு உமக்கு எப்பம் தெரியும்?"

"முதல் சொட்டுலயே."

"தெரிஞ்சும் இந்த ஆட்டம் ஆடுதீரே, நாளைக்குக் கதவு திறந்தா நாறப்போறது யாரு பேரு?"

"என் மக பேரு. தெரியும் அத்தான். நாலு நாளாச் சோறு எறங்கல, உம்ம சொதியைத் தவிர."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "என்ன வேணும் உமக்கு?"

"ஆடி."

அவர் மாட்டுத் தொட்டியைப் பார்த்துச் சொன்னார். "அவளை அனுப்பினா அமாவாசை அன்னைக்கு எனக்கு அடுப்பு எரியாது. வருஷத்துல பெரிய நாளு."

"ஐயருக்குத் தாயார் செத்துப்போயிட்டான்னு சொல்லி அடைச்சிரும்."

"சொல்லிரலாம்" என்றார். வாசல்படி வரை போனவர் திரும்பினார். "ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீரும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நீருதான் சொன்னீரு. 'பத்து வயசுலேந்து எம்பிள்ளை வச்ச சொதியைத்தான் இந்த ஊரே சாப்பிடுது'ன்னு மாரைத் தட்டிச் சொன்னீரு. நான் அதைக் கேட்டுத்தான் முடிச்சேன். அவ உம்ம அடுப்புல நின்னப்பம் உமக்குக் கொதிக்கல. என் அடுப்புல நின்னா மட்டும் கொதிக்குதோ?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. இப்போது எழுதலாம் என்று பார்த்தால் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

சாயங்காலம் மாப்பிள்ளை பிள்ளையைக் கூட்டிவந்து விட்டான். பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தாள். இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. மாப்பிள்ளை வாசலிலேயே நின்றான். "உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றதற்கு, "அப்பா உடனே வரச்சொன்னாவ" என்றான். ரோட்டைக் கடக்கிற வரை நாலு தடவை திரும்பிப் பார்த்தான்.

ஜூலை 30, செவ்வாய். ஆடி அமாவாசை

விடியுமுன்னே நாலா பக்கமும் வண்டிச் சத்தம். எதிரே கடைப்பலகை அடைத்திருக்கிறது. ரயிலில் வந்த கூட்டம் அத்தனையும் நம் வாசலில். பத்து வருஷமாக நான் கனவு கண்ட காட்சி. எதிராளி கடை பூட்டி, ஊர் முழுக்க என் படியில். தவசிப்பிள்ளை, "அண்ணாச்சி, எத்தனை படி அரிசி போடட்டும்?" என்று குதிக்கிறான்.

பின்கட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பிச்சம்மாள் என்று நினைத்துப் போனேன். பிச்சம்மாள் குளிக்கப் போயிருந்தாள். பிள்ளை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குவியலாகத் தேங்காய் மூடி. எப்போது எழுந்தாளோ.

"ஏட்டி, நீ எதுக்கு எந்திரிச்ச?"

"கூட்டம் வந்துட்டேப்பா. சொதிக்கு நேரமாயிரும்லா" என்றாள். சடைத்துக்கொண்டு சொன்னால் பரவாயில்லை. விடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். துருவிக்கொண்டே சொன்னாள்.

வாசலில் கூச்சல். எனக்கு ஒரு நிமிஷம் கால் அங்கேயும் மனசு இங்கேயுமாக இருந்தது. பொய் எழுதக் கூடாது. கால் அந்தப் பக்கம் இரண்டு அடி வைத்துவிட்டது. இன்றைக்கு ஒருநாள்தானே என்று நினைப்பு ஓடியது. பத்து வயசிலிருந்தும் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் ஓடியிருக்கும்.

திரும்பி வந்து அவள் கையிலிருந்த மூடியை வாங்கினேன். உள்ளங்கையைப் பார்த்தேன். வெடிப்புக்குள் தேங்காய்ப் பூ.

"எந்திரி. போய்ப் படு."

"அப்பம் சொதி?"

"சொதி கிடையாது. இன்னைக்குச் சோறே கிடையாது."

அவள் முகம் செத்துப்போயிற்று. சட்டென்று எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் என்னப்பா தப்புப் பண்ணினேன்?"

ஏதோ சொன்னேன். பிச்சம்மாள் ஈரத்தலையோடு வந்து, என்னையும் பார்த்து அவளையும் பார்த்து, பிள்ளையை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயை விரித்தாள். பிறகு நேராக வாசலுக்குப் போய், அவ்வளவு ஜனத்துக்கும் முன்னால், கடைப்பலகையை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் ஹோட்டல் வாசலில் வந்து நின்றது அதுதான் முதல்.

ஊர் திட்டியது. வக்கீல் ஐயர் ஜரிகைச் சால்வையோடு எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "என்ன ஓய் ஊர் இது? அங்கே ஐயருக்குத் தாயார் போயிட்டா. இங்கே யார் போயிட்டா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சாமி. உள்ள பிள்ளை தூங்குதா" என்றேன்.

எட்டுப் பேரும் மீரானிடம் வண்டிக்குப் பேரம் பேசி, வாழைப்பழம் வாங்கித் தின்றுகொண்டு குற்றாலம் போனார்கள்.

ரோடு காலியான பிறகு சம்பந்தி அவருடைய படியில் வந்து உட்கார்ந்தார். நான் என் படியில். நடுவில் குதிரைச் சாணம்.

"நீரும் என்னத்துக்கு அடைச்சீரு?" என்று அங்கிருந்தே கேட்டார். "பைத்தியமா வே உமக்கு?"

"சமைக்கக் கையில்லை அத்தான்."

புரிந்ததோ என்னவோ, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆவணி ஒண்ணாந்தேதி ஆள் அனுப்புவேன்" என்றார்.

அனுப்புவார். ஆவணி வராமல் இருக்காது. கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கொடு என்று கேட்க நாட்டில் சட்டம் கிடையாது. அவளைப் போகாதே என்று இங்கே வைத்துக்கொண்டால், மறுபடி என் அடுப்பில்தான் நிற்பாள். பிச்சம்மாளிடம் கேட்டேன். "முதல்ல நீங்க ஒரு சொதி வைக்கப் படியுங்க" என்றாள்.

மத்தியானம் வைத்தேன். முதல் பாலை முதலிலேயே ஊற்றிவிட்டேன், திரிந்துபோயிற்று. பூனைகூட மோந்து பார்த்துவிட்டு எதிர்வரிசைக்குப் போயிற்று.

ஜூலை 31, புதன்

பிள்ளை இன்னும் எழுந்திருக்கவில்லை, தூங்கட்டும். கடைப்பலகையை யாரோ தட்டுகிறார்கள். நான் போகவில்லை.